கோட்டுக்குக் கீழே

ரிவாலின் உடைந்த பல் மறுபடி வந்திருந்தது.

எட்டு வருடத்துக்கு முன் உளி தெறித்துப் போன பல். மேல்வரிசையில் இடது பக்கம். காலையில் காபிக் கிண்ணத்தை வைத்துவிட்டு அவன் சிரித்தபோது, இத்தனை நாள் இருட்டாக இருந்த இடத்தில் வெள்ளையாக ஒன்று இருப்பதை எனோரா பார்த்தாள்.

“பல்லு எப்ப கட்டின?”

“எந்தப் பல்லு?” நாக்கால் துழாவிப் பார்த்தான். “எல்லாம் இருக்கே.”

பட்டணத்துக்குப் போனபோது ரகசியமாகக் கட்டியிருப்பான், வீம்புக்காரன், ஒத்துக்கொள்ள மாட்டான் என்று விட்டுவிட்டாள். அடுத்த வாரம் நெற்றித் தழும்பைக் காணோம். அதற்கடுத்த வாரம் அவன் பக்கத்தில் படுத்தபோது, முப்பத்தொரு வருடமாகப் பழகிய புகையிலை வாசமும் வியர்வை வாசமும் இல்லை. அப்போதுதான் குழைத்த சுண்ணாம்பின் ஈர வாசம் அடித்தது. எல்லாவற்றையும்விட அவளைக் கலக்கியது வேறு. கோதுமைத் தோசையைத் தட்டில் போட்டால், “உப்பு எங்கடி, கடல்ல விட்டுட்டியா?” என்று கேட்காமல் சாப்பிட்டதே கிடையாது அவன். இப்போது, “ரொம்ப நல்லாருக்கு கண்ணே” என்றான்.

கண்ணேயாம். கல்யாணத்தன்றுகூட அவன் அவளை நண்டு என்றுதான் கூப்பிட்டான்.

முப்பது வருடமாக ரிவாலுக்கு வேலை கடலோரக் கல்லறை மேட்டில். ஆறாயிரம் வருடத்துக்கு முன் யாரோ தங்கள் செத்தவர்களுக்காக அடுக்கிய கற்கள். பாதி சரிந்துபோயிற்று, பாதியை ஊரார் வீடு கட்ட அள்ளிப்போனார்கள். மிச்சத்தின் மேல் இவன் மறுபடி அடுக்கினான். பழைய கல் முடிந்து புதுக்கல் தொடங்கும் இடத்தில் விரல் தடிமனுக்குச் செங்கல் பட்டை பதிப்பான். இடுப்பு உயரத்தில், சுவர் நெடுகச் சிவப்பாக ஒரு கோடு. பார்க்க வருகிறவர்களிடம் அதைத் தடவிக் காட்டுவான். “இதுக்குக் கீழ அவங்க. மேல நாங்க. செத்தவங்ககிட்ட பொய் சொல்லக் கூடாதுல்ல?”

பல் வருவதற்குக் கொஞ்சம் முன், போன அக்டோபரில், மேட்டைப் பராமரிக்கும் அலுவலகத்திலிருந்து தான்தெக் என்ற அதிகாரி வந்தார். கோடு படத்தில் அசிங்கமாக விழுகிறதாம். “எடுத்துடுங்க ரிவால். யாரு கண்டுபிடிக்கப் போறா?” ரிவால் கத்தினான், கெஞ்சினான். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. கடைசியில் தன் கையாலேயே பட்டையை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, இடைவெளியைப் பூசி மறைத்துவிட்டு வந்தான். அன்று அவன் சாப்பிடவில்லை. கையைக் கழுவிக்கொண்டே இருந்தான்.

டிசம்பரில், அவன் சட்டை மாற்றும்போது, எனோரா கோட்டைப் பார்த்தாள்.

நெஞ்சுக்குக் குறுக்கே, மெல்லிசாக, செங்கல் நிறத்தில். கோட்டுக்குக் கீழே அவளுக்குத் தெரிந்த தொப்பை, குடல்வால் அறுத்த தழும்பு, நரைத்த முடி. மேலே மழமழவென்ற தோல். தொட்டாள். விரலில் சிவப்புத் தூள் ஒட்டியது.

“இது என்ன ரிவால்?”

“எது கண்ணே?”

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் அம்மாவின் கண்ணுக்குக் கோடு படவில்லை. “பத்து வயசு குறைஞ்சிருக்காரு. கொடுத்து வெச்சவங்க நீங்க” என்று சிரித்தாள். எனோரா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். ஐயோ, எவளாவது புருஷனுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று அழுவாளா!

வாரத்துக்கு வாரம் கோடு இறங்கியது. விலா. இடுப்பு. தொடை. அவன் தூங்கும்போது போர்வையை விலக்கிப் பார்ப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. மேலே இருப்பவனிடம் பேசப் பிடிக்காமல், கீழே இருக்கிற பழைய முழங்காலிடம் மெதுவாகப் பேசினாள். காலையில் அவன் மாடிப்படி இறங்கும்போது இடது முழங்கால் ஒவ்வொரு படிக்கும் சொடக்கு விடும். அடுப்படியில் நின்று, மூச்சை அடக்கி, அதற்காகவே காது கொடுத்தாள். சொடக். சொடக். இருக்கிறான். இன்னும் இருக்கிறான்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, அவன் சத்தமில்லாமல் படி இறங்கினான்.

அன்றே அவனோடு மேட்டுக்குப் போனாள். தூறல். ஈரப் பாசியும் உப்பும் கலந்த வாசம். பார்க்க வந்த கூட்டத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண், “இதுல எது பழசு, எது புதுசு?” என்று கேட்டாள்.

ரிவால் சிரித்தான். “எல்லாமே அசல்தாங்க. ஆறாயிரம் வருஷம்.”

இமைகூட ஆடவில்லை. எல்லோரும் சந்தோஷமாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். எனோரா ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்றிரவு பார்த்தபோது, அவசரம் பிடித்ததுபோல், கோடு கணுக்காலுக்கு இறங்கிவிட்டிருந்தது. மறுநாள் மேட்டுக்கு விடுமுறை. பகல் சாப்பாட்டுக்குப் பின் அவன் ஜன்னலோர நாற்காலியில் கண்ணயர்ந்தான். அவன் பெட்டியிலிருந்து உளியையும் கொஞ்சம் செங்கல் பட்டைகளையும் எடுத்துக்கொண்டு அவள் தனியாகப் போனாள். கோட்டை மறுபடி பதித்துவிட்டால் இறங்குவது நிற்கும் என்று நினைத்தாள். வேறு என்ன நினைக்க முடியும்?

இடுப்பு உயரத்தில் பூச்சைச் சுரண்டினாள். பட்டை இருந்த தடம் இல்லை. அதற்குக் கீழே பழைய கல் இருக்க வேண்டும், கறுத்து, பாசி பிடித்து. இல்லை. புதுக்கல். ரிவாலின் உளித்தடம். குனிந்தாள். அடுத்த வரிசையும் புதுசு. மண்டியிட்டாள். அதுவும். அதுவும். புல்லைப் பிய்த்து, நகம் கிழிய மண்ணைத் தோண்டினாள். கல்லுக்குள்ளிருந்து யாரோ மூச்சை இழுத்துப் பிடித்திருப்பதுபோல் ஒரு அமைதி.

முழங்கை ஆழத்தில் சிவப்புக் கோடு. ஈரமாக.

அதற்குக் கீழே கைப்பிடி அளவு பழைய கல். ஒன்றே ஒன்று.

ஓடினாள்.

நாற்காலியில் அவன் அப்படியே தூங்கிக்கொண்டிருந்தான். காலடியில் விழுந்து காலுறையை உருவினாள். வலது பாதம் வழவழவென்று, ஆணி இல்லை, வெடிப்பு இல்லை. முழுசும் போயிருந்தது. இடது பாதம். குதிகால் போயிற்று. நடுப்பாதம் போயிற்று. நான்கு விரல்கள் போயின.

சுண்டு விரலின் அடியில் கோடு நின்றது.

கல் விழுந்து கோணிய விரல். கறுத்த நகம். அவ்வளவுதான் மிச்சம். அவள் அதை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள்.

“கிழவா... நான்தான். நண்டு வந்திருக்கேன்.”

விரல் அசைந்தது. அவள் உள்ளங்கையை ஒருமுறை அழுத்தியது. மறுமுறை, பலமாக. பிறகு பதறிப்பதறி, விடாமல் கீறியது.

“என்ன கண்ணே?” மேலேயிருந்து குரல் இனிமையாகக் கேட்டது. “கூசுது. விடேன்.”

அவள் விடவில்லை. அவளுடைய கட்டைவிரலுக்கு அடியில் சொரசொரவென்று ஏதோ நகர்ந்தது. செங்கல் தூள் தரையில் உதிர்ந்தது. அவள் இன்னும் இறுக்கினாள்.

“பரவாயில்ல. வெச்சுக்கோ” என்றான் அவன். குனிந்து, அவள் தலையை மெல்லத் தடவிக்கொடுத்தான். அவன் காத்திருந்தான். பொத்திய கைக்குள், நகம் மட்டும் இன்னும் கீறிக்கொண்டிருந்தது.