தலைகீழாக நடந்த கடல்

"நாலு மணிக்குப் பனி எறங்கிரும். அதுக்குள்ள மாறண்ணனக் கண்டுபிடிக்கணும்!" என்று ரிஸ்வானா பையை மாட்டிக்கொண்டாள்.

தேவசகாயம் பின்னால் நடந்தான். இருவரும் ஜியாலஜி மாணவர்கள். வந்திருப்பது இமயமலையின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்குக்கு. பாறை அளக்கப் போன சீனியர் திருமாறன் நேற்றிரவு கூடாரம் திரும்பவில்லை. மீட்புக் குழு வர நாளைக் காலை ஆகும். அவர் விட்டுப்போன சீட்டில் ஒரே வரி: 'பனி வந்தால் பச்சைப் பாறையைவிடப் பழைய அடுக்கில் உள்ள குகையில் ஒதுங்குவேன்.'

பழைய அடுக்கு என்றால் கீழ் அடுக்கு. முதலில் படிந்த சேறுதானே அடியில் கிடக்கும்! பரீட்சையில் இந்த விடைக்குச் சகாயம் இரண்டுக்கு இரண்டு வாங்கியவன். ஆகவே மலைச்சரிவில் பச்சைப் பாறை அடுக்கிலிருந்து கீழே இறங்கினார்கள்.

பாறையெங்கும் கல்லாய்ப் போன சங்குகள். இங்கே இருந்த கடல் செத்துக் கோடிக்கணக்கான வருடங்கள் ஆகின்றன. அதற்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலும். காற்றில் அலை இரைந்தது.

டக். டக். டக்.

"எம்மா, கேட்டியா? மேல யாரோ தட்டுகான்!" என்று சகாயம் நின்றான்.

"மேல இருக்கறது இளசுப் பாறை. அண்ணன் எழுதுனது பழசு."

"அப்போ பேய்தான்."

"இருந்துட்டுப் போகட்டும். நீ எறங்கு!"

இரண்டு குகைகளில் ஆளில்லை. மூன்றாவதில் ரிஸ்வானா டார்ச்சை உயர்த்தினாள். அலறினாள்!

கூரையில் கால்தடங்கள். சின்னச் சின்னதாய், வரிசையாய், தலைகீழாக நடந்து இருட்டுக்குள் போயிருந்தன.

சகாயம் ஓடவில்லை. வீரமெல்லாம் இல்லை, கால் வரவில்லை. நின்ற வாக்கில் தடத்தைத் தொட்டான். விரல் குழிக்குள் போயிற்று. மணக்குடிக் கடற்கரையில் வளர்ந்தவனுக்கு அது உறைத்தது.

"நண்டு மிதிச்சா மணல் கீழல்லா குழியும்? இது மேல குழிஞ்சிருக்கு! இந்தக் கூரைதான் அன்னைக்குக் கடல்தரை! இந்தியா வந்து ஆசியால முட்டுன முட்டுல, தரையே போர்வை மாதிரி மடிஞ்சு கவுந்துட்டு. இங்க பழசுதான் மேல!"

டக்... டக். சத்தம் தேய்ந்திருந்தது.

ஏறினார்கள்! முழங்கை கிழிய, மூச்சு முட்ட, பச்சைப் பாறையையும் தாண்டி ஏறினார்கள். குகை வாயிலில், முறிந்த காலும் நீலம் பாய்ந்த உதடுமாய்த் திருமாறன். கையில் சுத்தியல்.

"காலையிலேர்ந்து தட்டுறேன்டா. கேக்கலையா?"

"கேட்டுச்சுண்ணே. பேய்னு நெனச்சோம்."

"பேய் இருக்கும்னு நம்புவீங்க. பாறை பொரண்டிருக்கும்னு நம்ப மாட்டீங்க?"

ரிஸ்வானா அளவுகோலை அவர் காலோடு சேர்த்துக் கட்டினாள். சகாயம் முதுகில் சுமந்தான். முதல் பனி விழும்போது முகாமை எட்டினார்கள்; வேறு பக்கம் தேடித் திரும்பியிருந்த மாணவர்களின் விசிலும் கைதட்டலும் கூடாரங்களிலிருந்து எழுந்தன!

இனிக் காதில் விழுவதை இரண்டு மதிப்பெண்ணுக்காகத் தள்ளுவதில்லை என்று சகாயம் முடிவெடுத்தான். வெளியே அலை இன்னும் இரைந்தது. கூடார வாசலில் குனிந்து, பனியில் பதிந்த தன் கால்தடத்தைத் தொட்டுப் பார்த்தான்.

கீழ்நோக்கித்தான் குழிந்திருந்தது. இப்போதைக்கு.