இரவல் கண்ணாடி

செம்புக்கு உள்பக்கம் இல்லை.

கிருஷ்ணப்பிரியா அதை இரண்டு கையாலும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாய் இருந்தது, விளிம்பு இருந்தது, விளிம்பில் ஒரு நசுங்கலும் இருந்தது. ஆனால் வாய்க்குள் விரலை விட முடியவில்லை. கழுத்து வரைக்கும் பித்தளை நிரம்பி மொழுமொழுவென்று அடைத்துக் கிடந்தது. அடியில் வெள்ளைப் பெயின்டில் 118 என்ற எண். அவளுடைய கையெழுத்துதான். ஆனால் அவள் அதை எழுதவில்லை.

நேற்று மாலை வரை அந்த அலமாரியில் இப்படி ஒரு செம்பே கிடையாது. அது அவளுக்கு மிக நன்றாகத் தெரியும். இல்லாத செம்பை இருப்பதாகப் பதிவேட்டில் எழுதி வைத்தவளே அவள்தான்.

காட்டுப்பாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது அந்த வரலாற்று அருங்காட்சியகம். பெயர்தான் பெரிது. ஒரே கூடம், பன்னிரண்டு அலமாரிகள், சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வந்து சேர்ந்த பாத்திரங்கள், பத்திரங்கள், மங்கிப்போன புகைப்படங்கள். எம்.ஏ. வரலாறு படிக்கும் கிருஷ்ணப்பிரியா இரண்டு மாத இன்டர்ன்ஷிப்புக்கு வந்திருந்தாள். பழைய பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் உரிய பொருள் இருக்கிறதா என்று சரிபார்ப்பதுதான் வேலை. ஆடி மாதம் என்பதால் கீழே கல்யாணமும் இல்லை, ஆளும் இல்லை. அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளையும் வாட்ச்மேன் தசரதனையும் தாண்டி மாடியேறினால், ஆடிக் காற்றில் படபடக்கும் ஜன்னலும், எங்கோ அம்மன் கோயில் ஒலிபெருக்கியும், மெயின் ரோட்டு லாரிச் சத்தமும்தான் நாள் முழுக்கத் துணை.

மண்ணூர்பேட்டை ஹாஸ்டலிலும் அதே கதைதான். அறையில் உள்ள மூன்று பெண்களுக்கும் நைட் ஷிப்ட். அவள் கிளம்பும்போது தூங்குவார்கள், திரும்பும்போது கிளம்பிப் போயிருப்பார்கள். சில நாட்களில், "காட்டுப்பாக்கம் ஒண்ணு" என்று ஷேர் ஆட்டோக்காரரிடம் சொல்வது மட்டுமே அவள் வாயிலிருந்து வந்த பேச்சாக இருக்கும். சாப்பிட்டாயா என்று ஒருவர் கேட்டு இரண்டு மாதம் ஆகிவிட்டது. மேசைக்கு எதிரே பார்வையாளருக்கென்று போட்டிருந்த நாற்காலியை அவள் தினமும் துடைத்து வைத்தாள். யாராவது வந்து உட்கார மாட்டார்களா என்று ஏங்கினாள்.

பொறுப்பாளர் இராமகிருஷ்ணன் சார் போனில் மட்டும்தான் இருந்தார். "வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்ஷன்மா. ஒரு எண்கூட காலியா இருக்கக் கூடாது. ஒண்ணு பொருள் இருக்கணும், இல்ல எங்க போச்சுன்னு எழுதியிருக்கணும். அப்பத்தான் உன் சர்டிபிகேட்ல கையெழுத்து."

இரண்டு எண்கள் காலியாக இருந்தன. 118, 212. பதிவேட்டில் அவற்றுக்கு எதிரே எதுவும் எழுதவில்லை, அலமாரிகளிலும் அந்த எண் போட்ட பொருள் இல்லை. மூன்று நாள் தேடியும் எதுவும் கிடைக்கவில்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் இந்தப் பருவம் தேறாது. இன்னும் ஆறு மாதம் இதே ஊரில், இதே போல் இருக்க வேண்டும். நினைத்தபோதே அவளுக்கு அழுகை வந்தது.

அதனால் நேற்று, புதன்கிழமை மாலை, எழுதிவிட்டாள். 118: பித்தளைச் செம்பு, விளிம்பில் நசுங்கல். கடையில் ஒன்று வாங்கி நசுக்கி வைத்துவிடலாம் என்று கணக்கு. 212-க்கு அந்தச் சிரமமும் வேண்டாம் என்று ஒரு வழி தோன்றியது. கைக்கண்ணாடி, மரச்சட்டம். வகை: இரவல். கொடுத்தவர்: முத்தம்மாள், திருவேற்காடு. திருப்பித் தந்த நாள் என்ற இடத்தில் வியாழக்கிழமையின் தேதியைப் போட்டாள். இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் யாரும் தேடப் போவதில்லை.

கொடுத்தவர் கைநாட்டுக்கு ஒரு கட்டம் இருந்தது. ஊதா மைப்பெட்டியில் தன் இடது கட்டைவிரலைத் தோய்த்து வைத்தாள். சின்ன வயதில் அரிவாள்மணை கிழித்த தழும்பு ரேகைக்குக் குறுக்கே கோடாக விழுந்தது. பெற்றுக்கொண்டவர் கைநாட்டை நாளைக்கு வேறு விரலால் வைக்கலாம் என்று விட்டுவிட்டாள். கடைசியாக, குறிப்பு என்ற கட்டம். இல்லாத முத்தம்மாளைப் பற்றி என்ன எழுதுவது? கொஞ்ச நேரம் யோசித்து, 'தனியாக இருப்பவர்' என்று எழுதினாள்.

இன்று வியாழக்கிழமை. மாலை நாலரை மணி.

செம்பைக் கீழே வைத்தாள். கடைசி அலமாரியின் கீழ்த்தட்டைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். கைக்கண்ணாடி. மரச்சட்டம். எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். முகம் தெரியவில்லை. தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறி தெரியவில்லை. ட்யூப்லைட் தெரியவில்லை. சட்டத்துக்குள் சாம்பல் நிறம் மட்டும் இருந்தது.

அதில் முகம் தெரியும் என்று அவள் எழுதவில்லை. செம்பு உள்ளே குடைவாக இருக்கும் என்றும் எழுதவில்லை. எழுதினது மட்டும் வந்திருக்கிறது.

அப்போதுதான் அந்தத் தேதி ஞாபகம் வந்தது. கண்ணாடியோடு மேசைக்கு வந்து உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டினாள். திருப்பித் தந்த நாள். இன்று.

போனை எடுத்தாள். "சார், ஒரு என்ட்ரிய அடிச்சிடலாமா?"

"ரெஜிஸ்டர்ல அடித்தல் திருத்தலே கூடாதும்மா. எழுதினா எழுதினதுதான்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கீழேயிருந்து தசரதன் குரல் கொடுத்தார். "யம்மா! யாரோ மேல வந்துகினு கீறாங்க, பாரு. கூப்ட்டா திரும்பவே இல்ல."

"யாருண்ணா?"

"தெர்லமா. பொம்பள மாரி கீது. நான் டீ குட்ச்சிட்டு வந்துர்றேன்."

"அண்ணா, போகாதீங்க!" என்று கத்தினாள். கேட் இழுபடும் சத்தம்தான் பதிலாக வந்தது.

கூடத்துக்கு ஒரே வாசல். அந்த வாசலுக்கு ஒரே படிக்கட்டு. செருப்புச் சத்தமோ காலடிச் சத்தமோ எதுவும் கேட்கவில்லை; சுவரை எதுவோ அழுத்தித் தேய்த்துக்கொண்டு, வளைவில் கொஞ்சம் நின்று, வழி தடவிப் பார்த்து, மறுபடி தேய்த்துக்கொண்டு மெதுவாக ஏறியது. அதற்கு முன்னால் வாடை வந்துவிட்டது. மைப்பெட்டியின் வாடை. ஒலிபெருக்கி நின்றிருந்தது. லாரிகளும் கேட்கவில்லை.

வாசலில் நின்றது.

ஆள்தான். ஆள் உயரம். அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. புடவை இல்லை. முடி இல்லை. முகம் இருக்க வேண்டிய இடம், வெள்ளையடித்த சுவரைப் போல வெறுமனே இருந்தது. கை முடிகிற இடத்தில் விரல்கள் பிரியவில்லை. ஒரே ஒரு விரல் மட்டும் முழுதாக இருந்தது. இடது கட்டைவிரல். தோலும் நகமுமாக, ஊதா மையுமாக. ரேகைக்குக் குறுக்கே ஒரு தழும்பு.

அவள் நகர நினைத்தாள். கால் வரவில்லை.

அது வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தது. அவள் காலையில் துடைத்து வைத்த நாற்காலி.

பதிவேட்டில் கட்டைவிரலை வைத்தது. பெற்றுக்கொண்டவர் கைநாட்டு. பிறகு கண்ணாடியை எடுத்துக்கொண்டது. ஆனால் எழுந்து போகவில்லை.

"எடுத்துட்டீங்கல்ல," என்றாள் அவள். "போயிடுங்க."

அது போகவில்லை. போகாது என்று அவளுக்குப் புரிந்தது. கட்டைவிரலைக் கொடுத்தவள் அவள்தானே. மிச்சத்தையும் அவளிடம்தான் கேட்கும்.

மேசையைத் தாண்டி விரல் நீண்டது. நெற்றியில் பட்டது. ஈரம். சில்லென்ற ஈரம். புருவம். மூக்கு. மெல்ல, ஒன்றுவிடாமல் தடவியது. உதடு.

கத்த வாயைத் திறக்கப் பார்த்தாள். திறக்க வாய் இல்லை.

இடது கண்ணை விரல் மூடியது. எடுத்தபோது அந்தப் பக்கம் இருட்டு.

ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். அது கண்ணாடியைத் தன் முகத்துக்கு நேரே பிடித்திருந்தது. பக்கவாட்டில் சாய்ந்திருந்த சட்டத்துக்குள் இப்போது சாம்பல் நிறம் இல்லை. அதில் அவளுடைய மூக்கு இருந்தது. அவளுடைய உதடு. அவளுடைய ஒரு கண், புதிதாக, சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

உதடு பிரிந்தது. அவள் குரல்.

"சாப்டியா?"

கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மிச்சமிருந்த கண்ணை நோக்கிக் கட்டைவிரலைக் கொண்டுவந்தது.