தொட்டும் தொடாமல்

நனைந்த குடையை அவன் லிஃப்டுக்குள் உதறினான். அத்தனை தண்ணீரும் அவள் முகத்தில்.

"மழை வெளியில பெய்யுதுன்னு நினைச்சேன்," என்றாள்.

"மன்னிச்சிடுங்க... அவசரம்."

நிமிர்ந்தவன் அவள் கண்களைப் பார்த்தான். மை கரைந்து, கோபத்தில் இன்னும் பெரிதான கண்கள்... இறங்க வேண்டிய மாடியை மறந்தே போனான். அவளும் பார்த்துத் தொலைத்தாள். திருதிருவென்று முழிக்கும்போதும் அழகாகத்தான் இருக்கிறான், பாவி.

அந்த அழகு கொஞ்ச நேரம்தான் நிலைத்தது. ஆஸ்பத்திரியில் அவளுடைய ஸ்கேன் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றான் அதே ஆள். புதிதாகச் சேர்ந்த சர்ஜனாம்.

"கட்டி தோல்லதான் இருக்குன்னு எழுதினது நீங்களா?"

"நானேதான்."

"ஊசியில எடுத்துப் பார்த்ததுல கேன்சரா இருக்கலாம்னு வந்திருக்கு. மார்பையே எடுக்கணும்னு பெரிய டாக்டர் முடிவு பண்ணிட்டார். நாளைக்கு ஆபரேஷன். கொஞ்சம் மாத்தி எழுதிடுங்க."

"எழுதினத மாத்தற பழக்கம் எனக்கில்ல."

ஸ்கேன் டாக்டரான அவளுக்கு அந்த ஆஸ்பத்திரியில் 'பிடிவாதம்' என்றுதான் பட்டப்பெயர். படுக்கையில் கிடந்த நீச்சல் டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். போகப்போவது அவளுடைய மார்பு.

"சண்டைய முடிச்சிட்டு எனக்கும் சொல்லுங்க," என்றாள். கிண்டல்தான்... ஆனால் சிரிக்கவில்லை.

அவன் ஸ்கேன் கருவியை வாங்கி அழுத்தினான். திரையில் கட்டி ஆழத்தில் தெரிந்தது. "பாருங்க, உள்ளதான் இருக்கு."

"இந்த அமுக்கு அமுக்கினா எது எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?" ஜெல்லை அள்ளிக் குவித்தாள். அவன் மணிக்கட்டைப் பிடித்து மெல்லத் தூக்கினாள். "தொட்டும் தொடாம வைங்க..."

நசுங்கிக் கிடந்த தோல் திரையில் வெள்ளைக் கோடாக எழுந்தது. அந்தக் கோட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது கட்டி.

"தோல்ல அபூர்வமா வர்ற சில கட்டிங்க, ஊசியில எடுக்கற துளியில கேன்சர் மாதிரியே ஏமாத்தும். முதல்ல கட்டிய மட்டும் முழுசா எடுத்துச் சோதிங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

"பெரிய டாக்டர் என் தோலை உரிச்சிடுவார்."

"உரிக்கட்டும். உங்களுக்கு மறுபடி வளரும். இவங்களுக்கு எடுத்தது திரும்பி வராது."

அவன் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். தலைக்கனம்... அவளுக்கு அழுகை முட்டியது. அழவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரி முழுக்க அதே பேச்சு. புது சர்ஜன் பெரிய டாக்டர் முகத்துக்கு நேரே, "கட்டிய மட்டும்தான் எடுப்பேன்... அதுக்கு மேல கத்திய வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டானாம். வாங்கிக் கட்டிக்கொண்டானாம். ஆனால் சொன்னபடியே செய்தானாம்.

சோதனை முடிவு வந்த மாலையிலும் மழை. ஸ்கேன் அறைக் கதவருகே வந்து நின்றான்.

"வியர்வைச் சுரப்பியில வந்த கட்டி. கேன்சர் இல்ல. எப்ப தண்ணியில இறங்கலாம்னு டீச்சர் நச்சரிக்கறாங்க."

அப்போதுதான் அழுதாள்.

"இன்னொண்ணு..." குடையை உதறாமல் பத்திரமாகப் பிடித்திருந்தான். "எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. லிஃப்டுலயே பிடிச்சுப் போச்சு. பதில் சொல்லுங்கன்னு அழுத்த மாட்டேன். அழுத்தினா ஒண்ணும் தெரியாதுன்னு நீங்கதான் கத்துக் குடுத்தீங்க."

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். அவன் கையிலிருந்த குடையை வாங்கிக்கொண்டாள்.

"எனக்கும் பிடிச்சிருக்கு... பெரிய டாக்டரே வந்து கேட்டாலும் மாத்திச் சொல்ல மாட்டேன்."