எழுநூறு வயதுச் சோளத் தக்கை

மரிசேலாவின் அப்பா எஃப்ரேனுக்குக் குப்பையைக் கண்டாலே ஆகாது. எங்கே கூடாரம் போட்டாலும், வந்தபோது இருந்ததைவிடக் கிளம்பும்போது அந்த இடம் சுத்தமாக இருக்க வேண்டும். சொந்த ஊரான லாஸ் குரூசிஸிலிருந்து கிளம்பி மூன்றே நாள்தான். அதற்குள் யாரோ எறிந்த டப்பாக்களுக்காக நான்கு முறை வண்டியை நிறுத்திவிட்டார். அம்மா திட்டித் திட்டி ஓய்ந்துபோனாள்.

அன்று காலை அப்பாவும் மகளும் மட்டும் மலை ஏறினார்கள். பாறைக் குகைக்குள் கல்லும் மண்ணும் குழைத்துக் கட்டிய பழைய வீடுகள். ஒரு சுவரின் மண்பூச்சில் சின்ன விரல் ஒன்றின் தடம் பதிந்திருந்தது. மரிசேலா தன் விரலைத் தொடாமல் அருகே கொண்டுபோனாள். ஒரே அளவு. அவளுக்கு மெய் சிலிர்த்தது.

அங்கேயே உட்கார்ந்து அந்த மூலையை நோட்டில் வரைந்தாள். படம் வரைந்து காட்டினால்தான் பூங்காவில் பிள்ளைகளுக்குத் தரும் இளம் காவலர் பேட்ஜ் கிடைக்கும். அப்பா பின்னாலேயே குப்பைப் பையும் கையுமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

மாலை நான்கு மணிக்கு மலையடிவாரத்தில் பூங்காக் காவலர் தஃபோயா எல்லோருக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். உள்ளே, மணி உதிர்ந்த மக்காச்சோளத் தக்கை. விரல் நீளம்தான் இருந்தது.

“எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி மேல குடியிருந்தவங்க சாப்பிட்டுப் போட்டது இது. குகைக்குள்ள மழை படாததால அப்படியே இருக்கு” என்றார்.

மரிசேலாவுக்குப் பகீரென்றது. அப்பாவைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“அப்பா, எவனோ சோளம் தின்னுட்டுப் போட்டுட்டான்னு காலையில திட்டினீங்களே?”

“மெதுவாப் பேசும்மா. எடுத்துப் பையில போட்டுட்டேன்.”

பை கூடாரத்தில் அம்மாவிடம் இருந்தது. காய்ந்த குப்பையை வைத்துத்தான் அம்மா அடுப்பு மூட்டுவாள். இருவரும் விழுந்தடித்து ஓடினார்கள். தூரத்திலேயே புகை தெரிந்தது. மரிசேலாவுக்கு அழுகை முட்டியது.

காகிதமெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. அம்மா தக்கையைக் கையில் எடுத்து அடுப்பருகே குனிந்திருந்தாள்.

“போடாதம்மா! அதுக்கு எழுநூறு வயசு.”

விஷயத்தைக் கேட்டதும் அம்மா பல்லியைப் பிடித்தவள்போல அப்படியே உறைந்துபோனாள். பிறகு அப்பா பக்கம் திரும்பி, “உங்க சுத்தம் நம்மள ஜெயில்ல கொண்டுபோய்த்தான் விடும்” என்றாள்.

யாருக்கும் தெரியாமல் திரும்ப வைத்துவிட்டு வருவதாக அப்பா சொன்னார். எந்த அறையில் எடுத்தார் என்று மரிசேலா கேட்டாள். அவர் திருதிருவென விழித்தார்.

மரிசேலா நோட்டைத் திறந்தாள். விரல் பதிவுக்குக் கீழே, என்னவென்று தெரியாமலே, அந்தத் தக்கையை அவள் வரைந்திருந்தாள்.

“ஒளிச்சு வைக்க வேண்டாம்ப்பா. இதக் காட்டி காவலர்கிட்டயே குடுத்துடலாம்.”

பேட்ஜ் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவள்தான் முன்னால் நடந்தாள்.

காவலர் தக்கையை இரு கைகளாலும் வாங்கினார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். போன வாரம்தான் அந்த மூலையில் எலி ஏதோ தோண்டியிருந்தது. அது வெளியே தள்ளிய தக்கையாக இருக்க வேண்டும் என்று மெல்லச் சொன்னார். பிறகு படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“எங்க கிடந்துச்சுன்னு தெரியலன்னா இது வெறும் தக்கைதான். நீ வரைஞ்சதாலதான் இது ஒரு வீட்டோட சோளம்.”

பேட்ஜை அவள் சட்டையில் குத்திவிட்டார். அப்பாவையும் சும்மா விடவில்லை. பேட்ஜ் வாங்க வந்த மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் நிறுத்தி, வலது கையைத் தூக்கவைத்து, எதையும் எடுக்க மாட்டேன் என்று உறுதிமொழி சொல்லவைத்தார். வரிசையில் மீசை வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் வழியில் ஒரு டப்பா கிடந்தது. அப்பா வண்டியை நிறுத்தினார். ஆனால் இறங்கவில்லை.

“காவலரே, இத எடுக்கலாமா?” என்று பின்னால் திரும்பிக் கேட்டார்.

மரிசேலா எட்டிப் பார்த்தாள். “போன வாரத்து சோடாதான். எடுத்துக்கோங்க” என்றாள்.