சொல்லாமல் விட்ட காட்சி!

ஆறு நீலமாக ஓடிக்கொண்டிருந்தது.

நொய்யல்தான். திருப்பூருக்குள் நுழையும்போது தண்ணீர்... தாண்டும்போது சாயம்!

பாலத்துக்குக் கீழே, முள்புதரில் சிக்கிக் கிடந்தது அந்த உடல். வெள்ளைச் சட்டை வெளிர்நீலமாகியிருந்தது. முகம் முள்ளுக்குள் புதைந்திருந்தது.

புரட்டிப் போட்ட கான்ஸ்டபிள் சந்தனம் அலறினார்.

"மேடம்... இது நம்ம எழுத்தாளருங்க!"

மோகன்ராஜ்!

மாதம் ஒரு க்ரைம் நாவல். நாவலுக்கு நாலு கொலை. பல்லடம் பஸ்ஸில் நின்றுகொண்டே அவரைப் படித்து முடித்துவிட்டுத்தான் இறங்குவார்கள் டெய்லர்கள். மூன்று நாவல்கள் சினிமாவாயின. மூன்றும் ஓடின. மூன்றிலும் முடிவை மாற்றி அவரை மூன்று முறை கொன்றிருந்தார்கள்.

இது நாலாவது!

சப்-இன்ஸ்பெக்டர் தமிழ்மதி குனிந்தாள். பனியன் மடித்த அம்மாவின் கூலியில் டிகிரி வாங்கியவள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. காலேஜ் பாடத்தைவிட மோகன்ராஜை அதிகம் படித்தவள்.

பிணத்தின் மூக்கோரம் ஏதோ கசிந்து காய்ந்திருந்தது.

சிவப்பாக.

"ரத்தமுங்களா மேடம்?"

"தெரியலீங்க அண்ணா. ஆனா, ரத்தம் இத்தனை நேரம் இவ்வளவு அழகா இருக்காது."

* * *

போலீஸ் ஸ்டேஷன்.

பின்னறையிலிருந்து வந்த அலறலில், டீ கொண்டுவந்தவன் டம்ளரை நழுவவிட்டான்.

"அய்யா... சாமி சத்தியமா நா கொல்லலய்யா...!"

மாரிச்செல்வம். எழுத்தாளரின் கார் டிரைவர். விருதுநகர் பக்கமிருந்து பிழைக்க வந்தவன். பொண்டாட்டி வேல்விழி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அவள் ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடியில் இரண்டு நாளாக உட்கார்ந்திருந்தாள். ஏழு மாத வயிற்றோடு!

தமிழ்மதி உள்ளே நுழைந்தாள்.

இன்ஸ்பெக்டர் வேலுமணி லத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வா தமிழ்மதி. கேஸ் முடிஞ்சுது."

"எப்படிங்க சார்?"

"இவனே சொல்லட்டும். டேய், டீக்கடையில என்னடா பேசுன?"

மாரிச்செல்வம் உதட்டு ரத்தத்தை விழுங்கினான்.

"எளுத்தாளர் அய்யாகிட்ட... 'பொஸ்தகத்தவிட படம் நல்லாருந்துச்சு அய்யா'ன்னேன். அம்புட்டு பேர் முன்னாடி செவுள்ல விட்டாரு. நா ஒண்ணுஞ் சொல்லலய்யா. தப்புத்தான்னு கும்பிட்டேன்."

"அறை வாங்குன கோவம். நொய்யல்ல அமுக்கிட்டான். அவ்வளவுதான்!"

"ஞாயித்துக்கெழம லீவு குடுத்துட்டாருய்யா. நா வீட்டுல கறிக்கொழம்பு வச்சிட்டிருந்தேன்..."

"அந்தக் குழம்பு வந்து சாட்சி சொல்லுமா?"

வேலுமணி சிரித்தார். தமிழ்மதி சிரிக்கவில்லை.

"சார், இவனை அரெஸ்ட் பண்ணதா நம்ம ரெக்கார்டுல இன்னும் எழுதவே இல்ல. கோர்ட்டுக்கும் கொண்டு போகல. இது சட்டப்படி..."

"சட்டம் எனக்கும் தெரியும் கண்ணு. சாயங்காலம் மாஜிஸ்ட்ரேட் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம். அதுக்குள்ள ஒத்துக்குவான். இன்னும் விரல் பாக்கி இருக்குதில்ல?"

தமிழ்மதி மாரிச்செல்வத்துக்கும் லத்திக்கும் நடுவே வந்து நின்றாள். அப்போதுதான் அவள் செல்போன் அடித்தது.

போஸ்ட்மார்ட்டம் டாக்டர் பூவாத்தாள்.

"தமிழ்மதி, நுரையீரல் பூரா தண்ணி. உயிரோட முக்கியிருக்காங்க. பின்கழுத்துல விரல் பதிஞ்சிருக்கு."

"எதிர்பார்த்ததுதானுங்க டாக்டர்."

"இதை எதிர்பார்த்திருக்க மாட்டே. அந்தத் தண்ணி சிவப்பு. ரத்தமில்ல... சாயம்!"

தமிழ்மதி போனை வைத்தாள்.

அவர் கிடந்த ஆறு நீலம். அவர் குடித்த தண்ணீர் சிவப்பு!

"சார், அவர் ஆத்துல சாகல. ஏதோ சாயப்பட்டறைத் தொட்டியில கொன்னு, ஆத்துல கொண்டாந்து வீசியிருக்காங்க."

வேலுமணி பெரிதாகக் கொட்டாவி விட்டார்.

"ஆத்துல ஆயிரம் கலர் ஓடுது. நீ நாவல் படிக்கறதை நிறுத்து."

அவள் நிறுத்தவில்லை.

நாவல்!

பெட்டிக்கடையிலிருந்து வாங்கி வைத்திருந்த பழைய புத்தகத்தை மேஜை டிராயரிலிருந்து இழுத்தாள். 'சாயம் போகாத சாவு'. மோகன்ராஜ் எழுதியது. கடைசித் தாள் இல்லை. திருப்பூரில் எந்தப் பழைய பாக்கெட் நாவலுக்கும் கடைசித் தாள் இருக்காது... போண்டா மடிக்கப் போயிருக்கும்!

கதை அப்படியே இருந்தது. தொட்டியில் அமுக்கிக் கொலை. ஆற்றில் பிணம். தண்ணீரின் நிறம் மாறியதால் சந்தேகம்.

அப்புறம் அந்தக் காட்சி. துப்பறியும் நிபுணர் எல்லாரையும் கை நீட்டச் சொல்கிறார்...

தமிழ்மதி புத்தகத்தை மூடினாள். இந்த நாவலைப் படமாக எடுத்தவர் பிரதீப். முதலிபாளையத்தில் பனியன் கம்பெனி. பல்லடம் ரோட்டில் சாயப்பட்டறை.

படத்தில் இந்தக் காட்சியே கிடையாது!

"சந்தனம் அண்ணா, ஜீப்பை எடுங்க. இன்னிக்கு எழுத்தாளருக்கு இரங்கல் கூட்டம் இருக்குதில்ல?"

"பிரதீப் சார் கம்பெனியிலதானுங்க. கேசரி போடறாங்களாம்."

* * *

கம்பெனி கட்டிங் ஹாலில் பனியன் துணியையே திரையாகக் கட்டியிருந்தார்கள்.

அதில் படம் ஓடிக்கொண்டிருந்தது. 'தண்ணி காட்டு'. 'சாயம் போகாத சாவு'க்குச் சினிமாவில் வைத்த பேர். வில்லன், ஒருவனை நீச்சல் குளத்தில் அமுக்கிக் கொன்று அருவியில் வீசுகிறான். சினிமா போலீஸ் 'விபத்து' என்று தொப்பியைக் கழற்றுகிறது.

கைதட்டல்! விசில்! செத்தவருக்கு அஞ்சலியாம்!

விளக்குகள் எரிந்தன. மேடையில் மாலை போட்ட போட்டோ. அதன் பக்கத்தில் மோகன்ராஜின் மனைவி தேவிப்பிரியா, வெள்ளைப் புடவையில், தலை குனிந்து. புருஷனின் நாவல்கள் அத்தனைக்கும் புரூஃப் பார்த்தவள். அட்டையில் ஒருமுறைகூட அவள் பேர் வந்ததில்லை.

பிரதீப் மைக்கைப் பிடித்தார். பட்டு வேட்டி. விரல்களில் நாலு மோதிரம்.

"எழுத்தாளர் எனக்கு அண்ணன் மாதிரிங்க. நேத்துப் பூராவும் ஊட்ல அடுப்புப் பத்த வெக்கலீங்க..."

கேசரி வாசம் ஹாலைத் தூக்கியது.

"வாசகருங்க யாராச்சும் ரெண்டு வார்த்தை பேசறதுன்னா பேசலாமுங்க."

யூனிஃபார்மோடு எழுந்தாள் தமிழ்மதி.

"நான் பேசலாமுங்களா?"

"அட, வாங்க மேடம்! போலீஸும் அண்ணனோட ரசிகைங்களா?"

"எல்லா நாவலும் படிச்சிருக்கேனுங்க. நீங்க சார்?"

பிரதீப் சிரித்தார்.

"நமக்கு அதுக்கெல்லாம் ஏதுங்க நேரம்? சினிமாவுல புரொட்யூசர் கதையைப் படிக்க மாட்டானுங்க. கேப்பான். உக்காந்து சொன்னாங்கன்னா கண்ணை மூடிக் கேட்டுக்குவேன். புடிச்சா செக்கு!"

"உங்களுக்கு யாருங்க கதை சொல்லுவாங்க? எழுத்தாளரா?"

"அவருக்கு என்னைக் கண்டாலே ஆகாதுங்களே! என் படம் ஒண்ணையும் அவரு பாத்ததில்ல. நாங்க நேர்ல பேசிக்கறதே இல்லீங்க. தேவிப்பிரியாம்மாதான் சொல்லுவாங்க. சீன் பை சீன்... சினிமா பாத்த மாதிரியே இருக்கும்."

தமிழ்மதியின் கண்கள் ஒரு கணம் வெள்ளைப் புடவையைத் தொட்டுவிட்டுத் திரும்பின.

"எழுத்தாளர் உங்க சாயப்பட்டறைக்கு வந்திருக்காருங்களா?"

"பட்டறைக்கா? நானே அங்க போயி ஒரு வருஷமாச்சுங்க. அந்த நாத்தம் நமக்கு ஒத்துக்கறதில்ல. எல்லாம் மேனேஜர் பாத்துக்குவாரு."

"கிறிஸ்துமஸ் ஆர்டருக்கு அங்க சிவப்புத்தானே ஓடுது?"

"ஆமாங்க. எதுக்குங்க கேக்கறீங்க?"

"சும்மா. கையைக் கொஞ்சம் நீட்டுங்க சார்."

"ஏனுங்க, ஜோசியமுங்களா?"

சபை சிரித்தது. பிரதீப்பும் சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் நீட்டினார். துளி பயமில்லாமல்!

பத்து விரல். பத்து நகம். நகக்கண் ஒவ்வொன்றிலும் சிவப்புக் கோடு!

"இது என்னங்க?"

"அதுங்களா... மருதாணிங்க. அக்கா பொண்ணுக்குக் கல்யாணம்."

"நகத்தோரம் மட்டும் புடிக்கற மருதாணி எந்த ஊர்ல சார் அரைக்கறாங்க? உள்ளங்கை பளிச்சுன்னு இருக்குது!"

சிரிப்பு நின்றது.

"சோப்புப் போட்டா தோல்ல இருக்கற சாயம் போயிரும். நகக்கண்ணுல ஏறுனது போகாது. நகம் வளந்து வெட்டுனாத்தான் போகும். உங்க பட்டறையில வேலை செய்யற ஒவ்வொருத்தர் கையும் இப்படித்தான் இருக்கும். நீங்கதான் போறதே இல்லியே... எப்படி வந்துச்சு?"

பிரதீப் கைகளை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"எழுத்தாளர் நுரையீரல்ல இருக்கற சாயத்தை டாக்டர் எடுத்து வெச்சிருக்காங்க. உங்க தொட்டியில இருக்கறதோட ஒத்துப்போகுதான்னு பாத்துரலாமுங்களா?"

"நான்... சும்மா ஒருக்கா..."

"ஞாயித்துக்கிழமையா? பட்டறை லீவு. ஆளில்ல. வரச் சொன்னீங்க. கழுத்தைப் புடிச்சு அமுக்குனீங்க. அப்புறம் ஆறு. அப்படியே உங்க படம்!"

"படத்துல யாரும் மாட்ட மாட்டாங்களே...!"

சொல்லிவிட்டார்.

சொன்னதை அவர் காதே கேட்டதும்தான் வாயைப் பொத்தினார். சிவந்த நகங்களோடு!

ஹால் 'ஓ'வென்று எழுந்தது. பிரதீப் மேடைப்பக்கம் திரும்பினார். தேவிப்பிரியா அவரைப் பார்க்கவே இல்லை. புடவை முந்தானையில் இல்லாத சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"நாவலைப் படிச்சிருந்தீங்கன்னா கையுறை போட்டிருப்பீங்க சார்" என்றாள் தமிழ்மதி. "அண்ணா, விலங்கு!"

* * *

ஜீப் கம்பெனியின் பின்பக்கம், கட்டிங் வேஸ்ட் மூட்டைகளுக்கு நடுவே நின்றது.

தமிழ்மதி ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள்.

"சார், கொலைகாரன் கிடைச்சாச்சு. பிரதீப். மாரிச்செல்வத்தை விட்டுருங்க."



"விட்டுர்றேன். ஆனா..." வேலுமணி இருமினார். "வலது கை விரல் மூணு போயிருச்சு."

"அவன் டிரைவர் சார்!"

"லெஃப்ட் ஹேண்டுல ஓட்டட்டும்."

வைத்துவிட்டார்.

தமிழ்மதி போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'இதுக்கு டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கி, எஸ்.பி. மேஜையில் வைக்காமல் தூங்கக் கூடாது.'

யாரோ வரும் சத்தம். வெள்ளைப் புடவை.

தமிழ்மதி சட்டென்று ஜீப்பின் பின்பக்கப் படுதாவை இறக்கி விட்டாள். சந்தனத்துக்குக் கண்ணைக் காட்டினாள்.

"நன்றிங்க மேடம்" என்றாள் தேவிப்பிரியா. "என் புருஷனைக் கொன்னவனைப் புடிச்சுட்டீங்க. அந்தாளைக் கூட்டிட்டுப் போயிட்டாங்களா?"

"உங்களுக்கு ஒரு கேள்வி. அவருக்குக் கதை சொன்னது நீங்க. அந்த நகச் சீனை ஏன் சொல்லல?"

தேவிப்பிரியா சுற்றிலும் பார்த்தாள். மூட்டைகளைத் தவிர யாருமில்லை.

மெல்லச் சிரித்தாள்.

"மறந்துட்டேன்."

"புரூஃப் பார்த்தவங்களுக்கு மறக்குமுங்களா?"

"நீங்க நெஜமாவே ரசிகை. சரி, நீங்க சொல்லுங்க. என் புருஷன் நாவல்ல முதல் பிணம் யாரு?"

தமிழ்மதி யோசித்தாள். "எப்பவும் ஒரு பொண்ணு."

"இடது கழுத்துல மச்சம். மயில் கழுத்துக் கலர் புடவை. கருகமணி. ஒவ்வொரு நாவல்லயும் கொன்னாரு. ஒவ்வொண்ணுலயும் நான்தான் உக்காந்து எழுத்துப்பிழை திருத்துனேன்... என் பிணத்துக்கு!"

கழுத்தைத் தடவிக்கொண்டாள். அங்கே ஒரு மச்சம்.

"சரி, பிரதீப்பை எதுக்கு மாட்டி விட்டீங்க?"

"கல்யாணம் கட்டிக்கறேன்னாரு. மெட்ராஸ்ல ஒரு ஹீரோயினுக்கும் அதையே சொல்லியிருக்காரு. சரி, படத்துல வர்ற மாதிரியே செய்யுங்க, யாரும் கண்டே புடிக்க முடியாதுன்னேன். உங்க பட்டறைத் தொட்டியே போதும், அவரை நான் அங்க அனுப்பி வெக்கறேன்னேன். படிக்காத மனுஷன்... நம்பிட்டாரு."

"ரெண்டு பேரையும் ஒரே நாவல்ல முடிச்சுட்டீங்க."

"இதையெல்லாம் நான் சொன்னேன்னு எப்படி நிரூபிப்பீங்க? நாலு சுவத்துக்குள்ள சொன்ன கதைக்குச் சாட்சி ஏது?" அவள் கண்கள் மின்னின. "உங்க புத்தகத்துல கடைசித் தாள் இருக்குதா மேடம்?"

"இல்லீங்க."

"பாவம். அதுலதான் முடிவே இருக்குது. பொண்டாட்டி தப்பிச்சுக்குவா!"

திரும்பி நடந்தாள்.

தமிழ்மதி ஜீப்பின் படுதாவை ஒரே இழுப்பில் விலக்கினாள்.

உள்ளே, விலங்கோடு, வேர்த்து வழிந்துகொண்டு... பிரதீப்! பக்கத்தில், அவர் வாயைப் பொத்தியிருந்த கையை எடுத்தார் சந்தனம்.

"மேடம்!" பிரதீப் கத்தினார். "அவ சொன்னது மொத்தமும் கேட்டேன். நான் அப்ரூவரா வர்றேனுங்க! நான் ஒரு கதை சொல்லணும்... இப்பவே சொல்லணும்!"

தேவிப்பிரியாவின் கால்கள் அப்படியே நின்றன.

தமிழ்மதி ஜீப்பின் படியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க சார். கண்ணை மூடிட்டுக் கேக்கறேன். ஆனா, உங்களுக்குச் சொன்ன மாதிரி... நடுவுல சீனை விட்டுட்டுச் சொல்லாதீங்க!"