காராயிக்கு நூறு வருஷம் ஆயிற்று

"என் ஊரை அழிச்ச பாவி யாருங்க?"

செல்வமாரி போட்ட சத்தத்தில் பிரவுசிங் சென்டரே திரும்பிப் பார்த்தது. கோவில்பட்டிக்கு அதெல்லாம் வந்து மூணு வருஷம்கூட ஆகவில்லை. இடைசெவல் பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் கோடை மழைக்கு உள்ளே ஒதுங்கியவள்தான். பிரிண்டர் துப்பிய வரைபடத்தில் கண் விழுந்ததும் அதைக் கையில் எடுத்துவிட்டாள். அது செவ்வூர்! அவள் ஆடிவரும் கதை விளையாட்டின் ஊர். ஆனால் அவள் கட்டிய கோட்டை எங்கே? சந்தை எங்கே? எல்லாம் வெறுங்காடு... மேலே கொட்டை எழுத்தில், 'நூறு வருஷத்துக்குப் பிறகு'.

"நான்தான்..." என்று ஒடிசலான ஒருத்தன் எழுந்தான். மழைமேகமாய்க் கறுத்த கண்கள். "இப்படிக் கத்த காராயியத் தவிர ஆரால முடியும்? நீங்கதானே அது?"

ஆத்தாடி! இவியதானா பூவனலிங்கம்?

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷம் எடுத்து, பகடை உருட்டிக் கதை வளர்க்கிற விளையாட்டு அது. இவர்கள் திசைக்கொருவராக இருந்ததால் ஈமெயிலில் ஆடினார்கள். அந்த உலகத்தை நடத்துகிறவன் பூவனலிங்கம். முகம் தெரியாது, ஊர் தெரியாது. ஆடு மேய்க்கிற காராயியாக இவள் பேச, அவன் எழுதும் பதிலில் ரெண்டு வருஷமாகப் பாதி மனசைத் தொலைத்திருந்தாள்.

"பருத்தி எடுப்பு... ரெண்டு மாசமா டவுனுக்கே வர முடியல. அதுக்குள்ள நூறு வருஷத்த ஓட்டிட்டீங்களோ?"

"ஒலகம் ஆருக்காவும் நிக்காதுங்க. ராசா மாறுவான், ஆறு தடம் மாறும்... அப்பத்தான் அதுக்கு உசிரு."

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப உங்க ஒலகத்த நீங்களே வச்சிக்கோங்க!" படத்தை வீசிவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

"காராயி என்ன ஆனான்னு மட்டும் பாத்துட்டுப் போங்க..."

குரல் கெஞ்சியது. திரும்பினாள். அவன் விரல் வைத்த இடத்தில் அவள் வெட்டிய கண்மாய்! கரையில் குட்டியாக ஒரு கோயில்.

"காராயி அம்மன். வருஷா வருஷம் கொடைத் திருவிழா எடுக்காங்க. பாலுல தண்ணி ஊத்துனவன அவ சாட்டையால வெளுத்தாள்லா? இப்ப அவ சன்னதியில பொய்ச்சத்தியம் பண்ண எவனுக்கும் தைரியம் கெடையாது."

செல்வமாரிக்கு மேலெல்லாம் புல்லரித்தது. விளையாட்டாகச் சொன்ன பேச்சு... அவளை அறியாத சனங்கள் அதைக் கையெடுத்துக் கும்பிடுகிறார்களே! கோட்டை போச்சு, ராசா போனான், கண்மாயில் தண்ணீர் மட்டும் தளும்பி நிற்கிறது. எம்மா, காலம் எம்புட்டுப் பெரிசு!

"எதுக்கு இப்படிச் செஞ்சீங்க?" குரல் தணிந்திருந்தது.

"நீங்க வரல. கல்யாணம் ஆயிருக்கும்னு நெனச்சேன். காராயிய வேற ஆளுக்குக் குடுன்னு மத்தவங்க கேட்டாங்க. அவ பேச்ச இன்னொருத்தர் பேச... எனக்கு மனசு ஒப்பல. அதான் அவ காலமே முடிஞ்சிரட்டும்னு ஒரே மூச்சுல நூறு வருஷத்தத் தள்ளிட்டேன்." தலை குனிந்தான். "மொகம் தெரியாமலே உங்கள விரும்பிட்டேங்க..."

மழை சோவென்று கொட்டியது. அவள் கண்கள் ததும்பின. அவனுக்கோ இருப்புக் கொள்ளவில்லை.

"என்னங்க... ஒண்ணுஞ் சொல்லாம நிக்குதீங்க?"

"நூறு வருஷத்த ஒரே மூச்சுல தள்ளுன ஆளு, என் பதிலுக்கு ஒரு நிமிசம் பொறுக்க மாட்டீங்களாக்கும்?" கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "எனக்கும் ரெண்டு வருஷமா அதேதாங்க... நீங்க ஒருநாளும் கேக்கலியே!"