நகரும் பாகம்... நகராத லிஃப்ட்!

"காப்பாத்துங்க...!"

நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து வந்தது அந்த அலறல்.

அலறியவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. அந்த லிஃப்டை ஓட்டும் சாஃப்ட்வேரை விலைபேச வந்த கஸ்டமர்!

ஐந்தாம் மாடியில் லிஃப்ட் கதவருகே நின்ற சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட் தன் டேப்லெட்டில் பரபரவென்று தேடிக்கொண்டிருந்தாள். அந்த சாஃப்ட்வேரை வடிவமைத்தவள் அவள்தான். எல்லாம் தனித்தனிப் பாகங்கள். தேவைக்கேற்ப ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாமாகவே குடிபெயரும்.

இப்போது லிஃப்டை இயக்கும் பாகத்தை எந்த சர்வரிலும் காணோம்!

"இவதான் சார் திருடி!" தோளில் பையோடு, தான் வரவழைத்த போலீஸ் இன்ஸ்பெக்டரிடம் குதித்தார் மேனேஜர். "போட்டிக் கம்பெனிக்குக் கடத்திட்டா! இன்னியோட உன் வேலை காலி!"

ஐந்து மாடி ஏறி வந்த இன்ஸ்பெக்டருக்கு மூச்சு வாங்கியது.

"காணாமப் போனவங்க... அடையாளம் என்ன?"

"ஆள் இல்ல சார், ப்ரோக்ராம்" என்றாள் ஆர்க்கிடெக்ட்.

"ஏதோ ஒண்ணு! கடைசியா யார்கூடப் பேசிட்டிருந்தது?"

அவளுக்குச் சுரீரென்றது. இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை? அவசரமாகப் பதிவுகளைத் திறந்தாள்.

ஒரே ஒரு கம்ப்யூட்டர்! காலையிலிருந்து முந்நூறு தடவை அந்தப் பாகத்தைக் கூப்பிட்டிருந்தது.

மெல்ல மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"சார்... யாரு அதிகமா கூப்பிடறாங்களோ, பாகம் அவங்க கம்ப்யூட்டருக்கே போகணும்னு என்னை எழுத வச்சது யாரு?"

"நான்தான். நான் கூப்பிட்டா ஓடி வர வேண்டாமா?"

"இன்னிக்கு லிஃப்ட் எங்க இருக்குன்னு உங்க லேப்டாப்ல எத்தனை தடவை தட்டிப் பார்த்தீங்க?"

"கஸ்டமர் வர்றாரேன்னு ஒரு பதட்டம்... தட்டிக்கிட்டேதான் இருந்தேன்."

"அப்புறம்?"

"அவர் லிஃப்ட்ல ஏறிட்டார்னு காட்டிச்சு. உடனே லேப்டாப்பை மூடி... பையில..."

"அதுக்குள்ள வந்திருந்த பாகமும் கூடவே தூங்கிடுச்சு சார்!" என்றாள் அவள்.

இன்ஸ்பெக்டர் பையைப் பிடுங்கி லேப்டாப்பைத் திறந்தார்.

விர்ர்ர்...!

லிஃப்ட் மேலே வந்தது. கதவு திறந்தது. கஸ்டமர் வியர்வையில் தொப்பலாக நனைந்த சட்டையோடு வெளியே வந்தார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"உள்ள இருந்து எல்லாத்தையும் கேட்டேன்" என்றார் அவர். "வாங்கிக்கறேன். ஆனா இந்தப் பொண்ணு வேலையில இருக்கணும்!"

பிறகு மேனேஜரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எல்லாப் பாகமும் நகரும்கறீங்களே... இவரை எங்கயாவது நகர்த்த முடியுமா?"

ஆர்க்கிடெக்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கஷ்டம் சார்! யாராவது கூப்பிட்டாத்தான் நகரும்... இவரைத்தான் யாருமே கூப்பிடறதில்லையே!"